எழுத்தால் எழுதிய தொகை
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேசும்போது இடையிடையே சொன்ன கிளைச் செய்திகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



காசோலையில் 'ரூபாய்' என்ற சொல்லை அடுத்து ஒரு கோடு இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. தொகையை எழுத்தால் எழுத வேண்டிய இடங்கள் இவை. வணிகச் சட்டத்தைத் தமிழில் கற்பித்த ஆண்டுகளில் நான் அதிகம் யோசித்தது இந்தச் சிறிய இடத்தைப் பற்றித்தான். பெரிய கோட்பாடுகளைப் பற்றிப் பேச இங்கே பலர் வந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் வந்துபோன மேடையில் இந்தக் கோட்டைப் பற்றிப் பேச இசைவு தந்ததற்கு நன்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கையெழுத்துப் போடுகிறவர் எவ்வளவு பணத்துக்கு ஒப்புக்கொள்கிறார் என்பதைச் சட்டம் அந்த எழுத்து வரியில்தான் தேடுகிறது. ஆகவே அந்த வரி அவர் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த இரண்டும் பெரும்பாலும் நடப்பதில்லை.

1. சட்டம் எதை நம்புகிறது?

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18. எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால், எழுத்தால் எழுதியதே செலுத்த வேண்டிய தொகை. விதி அவ்வளவுதான். காசோலை, புரோநோட்டு, மாற்றுச்சீட்டு மூன்றுக்கும் இது பொருந்தும். வங்கியாளர்களின் வழக்கிலும் கட்டத்தில் எண்ணாக எழுதுவது 'மரியாதைத் தொகை'; கோட்டில் எழுத்தாக எழுதுவது 'சட்டத் தொகை'. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளே இப்படித்தான் பிரித்துப் பேசுகின்றன. நடைமுறையில் இரண்டும் வேறுபட்டால் வங்கி தானாக எழுத்தின்படி பணம் தந்துவிடுவதில்லை. 'எண்ணும் எழுத்தும் வேறுபடுகின்றன' என்று குறித்துக் காசோலையைத் திருப்பிவிடுகிறது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் நிற்பது எழுத்து.

ஏன் இப்படி? எண்ணைத் திருத்துவது எளிது. நம் இடமதிப்பு முறையில் வலப்பக்கம் ஒரு பூச்சியம் சேர்த்தால் தொகை பத்து மடங்காகிறது. 1 எளிதாக 7 ஆகிறது, 3 எளிதாக 8 ஆகிறது. இத்தாலியின் புளோரன்ஸ் நகர நாணயமாற்று வணிகர் சங்கம் 1299-இலேயே கணக்குப் புத்தகங்களில் இந்த எண்குறிகளை எழுதக் கூடாதென்று விதி செய்தது. சீன எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை வெறும் கிடைக்கோடுகள். ஒரு கோடு கூட்டினால் ஒன்று இரண்டாகிவிடும். அதனால் பணத்துக்கென்று தனியாகச் சிக்கலான எண்ணெழுத்துகளை வைத்திருக்கிறார்கள். இன்றும் அங்கே வங்கி ஆவணங்களில் அவற்றைத்தான் எழுத வேண்டும். சீனச் சட்டம் நம்முடையதைவிடக் கடுமையானது. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் ஆவணமே செல்லாது.

நம் பழைய தமிழ் எண்குறிகள் இதற்கு விலக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். ௨ இரண்டு, அதை அடுத்து ௱ என்ற குறியைச் சேர்த்தால் இருநூறு. பூச்சியம் இல்லாத முறையிலும் கூட்டி எழுத வழி இருந்தது.

2. கல்லும் உண்டியலும்

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் இராசராசன் கொடுத்த பொன்னும் நகைகளும் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். அந்த எடைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று சொல்லாகவே வெட்டியிருக்கிறார்கள். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. எடையின் நுணுக்கம் ஒருபக்கம் இருக்கட்டும். எந்தக் கல்லால் நிறுத்தது என்பதைக்கூடப் பெயரோடு எழுதிவைத்ததுதான் என்னை ஈர்க்கிறது. பின்னால் வருகிறவர் சரிபார்க்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

வடநாட்டு வணிகர்களின் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டுகளில் இந்த அக்கறை வேறு வடிவம் எடுத்தது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியதோடு, அதன் பாதி எவ்வளவு, அந்தப் பாதியின் இரட்டிப்பு எவ்வளவு என்றும் எழுதுவார்கள். ஐந்நூறு என்றால் அதன் பாதி இருநூற்று ஐம்பது என்பதும் அதே தாளில் இருக்கும். ஐந்நூற்றைத் திருத்துகிறவன் இருநூற்று ஐம்பதையும் திருத்தியாக வேண்டும். கூடுதலாகச் சில சொற்களைக் கொண்டே இவ்வளவு வலுவான காவலை அந்த வணிகர்கள் அமைத்தார்கள்.

3. வெற்றிடத்துக்கு விலை

இரண்டு ஆங்கில வழக்குகளைச் சட்ட மாணவர்கள் அறிவீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1827-இல் முடிந்தது யங் - குரோட் வழக்கு. வெளியூர் புறப்பட்ட யங் என்பவர், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். குமாஸ்தா ஒன்றில் 50 பவுண்டு சொச்சம் எழுதி அந்த அம்மையாரிடம் காட்டினார். அவரும் பணம் வாங்கி வரச் சொன்னார். ஆனால் 'பிஃப்டி' என்ற சொல் வரியின் நடுவில், சிறிய எழுத்தில் தொடங்கியிருந்தது. அதன் முன்னால் 'மூன்று நூறு' என்ற பொருள் தரும் சொற்களைக் குமாஸ்தா சேர்த்தார். எண்ணின் முன்னும் 3 சேர்ந்தது. வங்கி 350 பவுண்டு சொச்சம் கொடுத்தது. இழப்பு காசோலைக்கு உரியவருடையது என்றது நீதிமன்றம். இடம் விட்டு எழுதியது அவர் தரப்பின் கவனக்குறைவு.

1918-இல் பிரபுக்கள் சபை தீர்த்த மாக்மில்லன் வழக்கில் எழுத்து வரியே காலி. எண்ணில் 2 பவுண்டு மட்டும் இருந்தது, இருபுறமும் இடைவெளியோடு. நிறுவனத்தின் பங்குதாரர் அவசரத்தில் கையெழுத்திட்டார். குமாஸ்தா முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 0 சேர்த்து 120 ஆக்கி, எழுத்து வரியையும் அதற்கேற்ப நிரப்பிப் பணத்தை எடுத்துக்கொண்டார். இங்கும் இழப்பு கையெழுத்திட்டவருக்கே. காசோலை எழுதுகிறவர் மோசடிக்கு வழிவிடாமல் எழுதக் கடமைப்பட்டவர் என்ற விதி இந்தத் தீர்ப்பில் உறுதியானது.

நம் சட்டத்தில் பிரிவு 87, உடன்படாதவரைப் பொறுத்தவரை முக்கியத் திருத்தம் செய்த ஆவணம் செல்லாது என்கிறது. அது ஆறுதல் தருவது போலத் தெரியும். அடுத்துப் பிரிவு 89-ஐப் படியுங்கள். திருத்தம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, வங்கி முறைப்படி பணம் கொடுத்துவிட்டால் வங்கிக்குப் பொறுப்பு நீங்குகிறது. அடித்து எழுதினால்தான் திருத்தம் கண்ணில் படும். வெற்றிடத்தில் சேர்த்தால் படாது. ஆக, வெற்றிடம் விடுவதுதான் அடித்தல் திருத்தலைவிட ஆபத்தானது. பதிவுச் சட்டத்தின் பிரிவு 20-லும் இந்த எச்சரிக்கை உண்டு. வரியிடைச் சேர்க்கை, வெற்றிடம், அழிப்பு, திருத்தம் எதுவானாலும் எழுதிக்கொடுப்பவர் அதற்குக் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டுச் சான்றளிக்காவிட்டால் சார்பதிவாளர் ஆவணத்தை ஏற்க மறுக்கலாம். வெற்றிடத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தவர்கள் தெரிந்துதான் சேர்த்திருக்கிறார்கள்.

4. தமிழ் எண்ணுப்பெயரின் பூட்டு

இந்தப் பகுதியில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். தமிழ்த் துறையினரும் சட்டத் துறையினரும் ஒரே அவையில் இருக்கும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

ஆங்கிலத்தில் 'திரீ ஹண்ட்ரட்' என்று எழுதியபின் 'பிஃப்டி' என்று தொடர்ந்தால் முதல் சொற்களில் எந்த மாற்றமும் வேண்டாம். தமிழில் அப்படி முடியாது. 'முந்நூறு' என்றால் எண் அங்கே முடிந்தது. மேலே ஐம்பது வர வேண்டுமானால் அது 'முந்நூற்று ஐம்பது' ஆக வேண்டும். 'ஐயாயிரம்' முடிந்த எண். தொடர வேண்டுமானால் 'ஐயாயிரத்து'. 'இலட்சம்' முடிந்தது, 'இலட்சத்து' தொடர்வது. கோடிக்கு 'கோடியே'. பின்னால் ஏதேனும் வருமா வராதா என்பதைத் தமிழில் முன்சொல்லே அறிவித்துவிடுகிறது. 'ஐயாயிரம்' என்று எழுதிய காசோலையில் பின்னால் தொள்ளாயிரத்தைச் சேர்க்க நினைப்பவன் 'ம்' என்ற எழுத்தை அழித்து 'த்து' எழுத வேண்டும். அழித்தால் கண்ணில் படும். தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி விரிவாக வருகிறது; நன்னூலிலும் வருகிறது. அவற்றைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த விதிகள் ஒரு காசோலையின் காவலாகவும் நிற்கக்கூடும் என்பதை வகுப்பில் நாம் சொல்வதில்லை.

பூட்டு எல்லாப் பக்கமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டலைத் தடுக்கும் இந்த இலக்கணம் பெருக்கலைத் தடுப்பதில்லை. 'இருபது' என்று எழுதி விட்டால், பக்கத்தில் 'ஆயிரம்' என்று எழுதி இருபதாயிரம் ஆக்கலாம். 'இரண்டு' என்பதை 'இரண்டு இலட்சம்' ஆக்கலாம். அதற்குத்தான் இறுதியில் 'மட்டும்'. அதை எண்ணுப்பெயரை ஒட்டியே எழுத வேண்டும்; சிலர் கோட்டின் கடைசியில் அழகாகத் தள்ளி எழுதுகிறார்கள், அப்போது அது எதையும் காப்பதில்லை. முன்பக்கமும் திறந்தே இருக்கிறது. 'ஐயாயிரம்' என்பதற்கு முன் 'ஒரு இலட்சத்து' என்று சேர்த்துவிடலாம். 'ரூபாய்' என்ற அச்சுச் சொல்லை ஒட்டித் தொடங்குவதே அதற்கு மருந்து. யங்கின் வீட்டில் தவறியது இதுதான்.

இன்னொன்று. நாற்பத்தையாயிரம் என்பதைவிட நாற்பத்தைந்தாயிரம் என்றுதான் இன்று பெரும்பாலும் எழுதுகிறோம். ஆகவே தனித்து நிற்கும் 'ஐயாயிரம்' முன்னால் 'நாற்பத்து' ஒட்டிக்கொள்ள எளிதில் இடம் கொடுக்காது. சேர்த்து எழுதும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் காவல் இருக்கும். இன்று 'இருபத்து ஐந்து ஆயிரம்', 'நூறு இருபது' என்றெல்லாம் பிரித்துப் பிரித்து எழுதுகிறார்கள். பேச்சில் அது தவறில்லை. பணத்தாளில் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு வாசல்.

5. எழுத்துப் பிழை

எண்பதை 'என்பது' என்று எழுதிய ரசீதுகளைப் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறு 'தொன்னூறு' ஆகிறது, முந்நூறு 'முன்னூறு' ஆகிறது. இவற்றால் தொகை மாறிவிடாது. வாதிட இடம் கிடைக்கும், அவ்வளவே. உண்மையில் தொகை மாறுவது ஒன்பதில்தான். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்ற வரிசையில், பெயரில் ஆயிரம் இருந்தும் தொள்ளாயிரம் நூறுகளைச் சேர்ந்தது. ஆங்கில வழியில் படித்து வரும் பிள்ளைகள் தொண்ணூற்றையும் தொள்ளாயிரத்தையும் மாற்றிச் சொல்வதை வகுப்பில் கேட்டிருக்கிறேன். பிரிவு 18 முன்னிலையில் அந்தக் குழப்பம் பத்து மடங்கு வேறுபாடு. ஒன்றேகால் இலட்சம், இரண்டரை இலட்சம் என்ற பேச்சு வழக்குகளும் பத்திரத்துக்கு வேண்டாம். ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம், இரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் என்று விரித்தே எழுத வேண்டும்.

6. வெற்றுத் தாளில் கையெழுத்து

இதுவரை சொன்னது எழுதுகிற விதம். இனிச் சொல்லப்போவது எழுதாமலே விடுவது பற்றி. இந்தத் தலைப்பை நான் தேர்ந்ததே இதற்காகத்தான்.

நம் ஊர்களில் அவசரக் கடன் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? புரோநோட்டில் வருவாய் வில்லையின் மேல் கையெழுத்துப் போடுகிறார். தொகை இடம் காலி. கூடவே இரண்டு வெற்றுக் காசோலைகள், அவற்றிலும் கையெழுத்து மட்டும். 'பணத்தைக் கொடுத்துவிட்டால் கிழித்துப் போடுவோம்' என்பது வாய்ப்பேச்சு. அந்த நேரத்தில் அவருக்குப் பணம் வேண்டும். மருத்துவமனையிலோ கல்லூரியிலோ கட்ட வேண்டும். பேரம் பேசும் நிலையில் அவர் இல்லை.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 20 என்ன சொல்கிறது? முத்திரையிட்ட தாளை வெறுமையாகவோ அரைகுறையாகவோ கையெழுத்திட்டுக் கொடுத்தவர், முத்திரைக்கு உட்பட்ட எந்தத் தொகைக்கும் அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை முதல் நோக்கில் பெற்றவருக்குத் தந்துவிடுகிறார். காசோலையைப் பொறுத்தவரை, 2019-இல் பீர் சிங் - முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் பிரிவு 139-இன் அனுமானம் பொருந்தும். கடனுக்காகத் தரவில்லை என்றால் கொடுத்தவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். தொகையை வேறொருவர் எழுதினார் என்பதால் மட்டும் காசோலை செல்லாததாகிவிடாது. அதன்பின், காசோலை பணமின்றித் திரும்பினால், பிரிவு 138. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த இரு மடங்கு எதன் இரு மடங்கு? அவர் எழுதாமல் விட்ட வரியில் மற்றவர் எழுதிய தொகையின் இரு மடங்கு.

தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. காசோலையை நம்பிப் பொருள் கொடுக்கும் வணிகனுக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-இல் சட்டமும் இயற்றியது. ஆனால் வட்டிக்கு வரம்பு கட்டுவது மட்டும் போதாது. அசல் எவ்வளவு என்பதே கடன் கொடுத்தவரின் பேனாவில் இருக்கும்போது வட்டி விகிதத்தைக் கணக்கிடவே அடிப்படை இல்லை. இருபதாயிரம் வாங்கியவரின் தாளில் இரண்டு இலட்சம் எழுதிவிட்டால், காகிதத்தில் வட்டி நியாயமானதாகவே தெரியும். ஆகவே கந்துவட்டியை எதிர்ப்பவர்கள் முதலில் போராட வேண்டிய இடம் அந்தக் காலி வரி என்பது என் உறுதியான கருத்து. தொகையை எழுத்தால் எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். மகளிர் குழுக்கள் இதைச் சொன்னால் மற்ற எவர் சொல்வதையும்விட விரைவாகப் பரவும்.

7. எந்த மொழியில்?

வங்கிக் கூடத்தில் தினமும் காண்பதுதான். பென்சன் எடுக்க வந்த ஒரு மூதாட்டி பக்கத்தில் இருப்பவரிடம் காசோலையையோ பணமெடுக்கும் சீட்டையோ நீட்டுகிறார். அவர் ஆங்கிலத்தில் நிரப்பித் தருகிறார். மூதாட்டி தமிழில் கையெழுத்துப் போடுகிறார். எண்ணை அவரால் படிக்க முடியும். சட்டம் எதை ஏற்குமோ அந்த எழுத்து வரியை அவரால் படிக்க முடியாது. நிரப்பியவர் நல்லவர் என்பது மட்டுமே அவருக்குப் பாதுகாப்பு.

வங்கி வாடிக்கையாளர் சேவை பற்றிய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் தெளிவாக இருக்கிறது. காசோலைப் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். வாடிக்கையாளர் அதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அந்தந்த வட்டார மொழியிலோ எழுதலாம். ஆகவே தமிழில் எழுதிய காசோலையை வாங்கும் வங்கி சலுகை காட்டுவதாக நினைக்க வேண்டியதில்லை.

காசோலையின் படம் மட்டுமே பயணம் செய்யும் இந்த நாளில், வேறு மாநிலத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்று வங்கி நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் கணக்குத் திறந்து தமிழ்க் கையெழுத்தை மாதிரியாக வாங்கி வைத்துக்கொள்ளும் வங்கி, தமிழ் எண்ணுப்பெயரைப் படிக்கவும் ஆள் வைக்க வேண்டும் என்பதே என் பதில். 2021 சனவரி 1 முதல் வந்திருக்கும் முன்னுறுதி முறையில் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் தேதி, பெயர், தொகை ஆகியவற்றை எழுதியவரே வங்கிக்கு முன்கூட்டித் தெரிவிக்கலாம். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் மூதாட்டி எடுக்கும் தொகை அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அவருக்கு அந்தக் கோடு ஒன்றுதான் காவல்.

பத்திரங்களில் நிலைமை சற்று நல்லது. தமிழ்நாட்டுப் பத்திர எழுத்தர்கள் தொகையை எண்ணாலும், அடைப்புக்குள் தமிழ் எழுத்தாலும், இறுதியில் 'மட்டும்' சேர்த்தும் எழுதும் ஒழுங்கைக் கைவிடவில்லை. 'படிக்கக் கேட்டு' என்ற தொடரும் அவர்கள் ஆவணங்களில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு ஆவணத்தைப் படித்துக் காட்டும்போது அவர் காதில் விழுவது எழுத்தால் எழுதிய தொகைதான். கைநாட்டு வைப்பவரும் அதைக் கேட்டுத்தான் ஒப்புக்கொள்கிறார். அந்த எழுத்தர்களிடம் வங்கிகள் இந்த ஒழுங்கைக் கற்கலாம்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். தமிழ்த் துறையினர் ஒன்று முதல் கோடி வரை, சேர்ந்த வடிவங்களோடு, ஒரே தாளில் அடங்கும் எண்ணுப்பெயர்ப் பட்டியலைத் தயாரித்துத் தாருங்கள். வங்கி மேலாளர்கள் அதைப் பணமெடுக்கும் சீட்டுகள் வைத்திருக்கும் மேசையில் ஒட்டிவையுங்கள். மாணவர்களே, நாளை நீங்கள் வழக்கறிஞர்களாக, நீதிபதிகளாக அமர்வீர்கள். அதற்கு முன் இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, உங்கள் பெற்றோர் கையெழுத்திட்டு யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கும் வெற்றுத் தாள் ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதைத் திரும்ப வாங்க முயலுங்கள். முடியாவிட்டால் வாங்கிய தொகையை எழுத்தால் எழுதி, கொடுத்தவரின் கையொப்பத்தோடு ஒரு ரசீதாவது பெற்று வையுங்கள்.